முடிவில்லாத மரத்தில் ஒரு பாதை

பன்னிரண்டு வருடங்களாகக் கல்லூரியில் அந்தத் தேற்றத்தை நடத்தி வருகிறேன். கரும்பலகையில் ஒரு மரம் வரைவேன். அதன் ஒவ்வொரு கிளையும் அதிகம் போனால் இரண்டாகப் பிரியும். மரம் முடிவே இல்லாமல் வளர்கிறது என்றால், அதற்குள் முடிவே இல்லாமல் போகும் பாதை ஒன்றாவது இருந்தாக வேண்டும். இதுதான் தேற்றம். நிரூபணம் ஐந்தே வரி: முடிவில்லாமல் வளரும் பக்கத்தை எடு, அங்கிருந்து மறுபடி எடு, இப்படியே போ. மாணவர்கள் எழுதிக்கொள்வார்கள். மணி அடித்துவிடும்.

போன கோடை விடுமுறையில் அதைக் கணினியிடம் சொல்லிப் பார்க்க உட்கார்ந்தேன். நிரூபணங்களை வரி வரியாகச் சரிபார்க்கும் மென்பொருள்கள் இப்போது இருக்கின்றன. அவற்றிடம் ‘இது தெரிந்ததுதானே’ என்று சொல்லித் தப்ப முடியாது. மரம் என்றால் என்ன என்று சொல்லி முடிக்கவே எனக்கு நான்கு நாள் ஆனது. ‘இப்படியே போ’ என்ற இடத்துக்கு வந்ததும், ஒத்துக்கொள்ளவில்லை என்று சிவப்புக் கோடு விழுந்தது. மாற்றி மாற்றி எழுதினேன். மூன்று வாரமாகியும் அது போகவில்லை.

கீழ் வீட்டில் இருப்பவள் என் அக்கா. சேதராப்பட்டில் ஒரு கம்பெனியில், வெளியே போகும் மருந்துப் பெட்டிகளைச் சோதித்துக் கையெழுத்துப் போடும் வேலை அவளுக்கு. அன்று ஞாயிறு. மாதா கோயிலில் பூசை முடிந்து, வைத்திக்குப்பத்தில் மீன் வாங்கிக்கொண்டு மாடிக்கு வந்தாள்.

“இன்னும் அதே செவப்புக் கோடாடி?”

மரத்தை ஒரு தாளில் வரைந்து காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள்.

“ரெண்டு பக்கமும் முடிவில்லாம போச்சுன்னா?”

“ஏதாவது ஒண்ண எடுத்துக்க வேண்டியதுதான்.”

“யாரு எடுக்கிறது?”

நான் திரையில் அந்தச் சிவப்புக் கோட்டைக் காட்டினேன்.

“பொட்டி நல்லாருக்குன்னு மட்டும் எழுதிக் குடுத்தா நான் வுடமாட்டேன். எப்பிடிப் பாத்தாங்கன்னு எழுதியிருக்கணும். அது கேக்கிறது நியாயந்தான்.”

சிரிப்பு வந்தது. பிறகு சிரிக்க முடியவில்லை. முடிவில்லாத தடவை ஒருவர் தேர்ந்தெடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். அந்த ஒருவர் யார் என்று இத்தனை வருடமும் நான் சொன்னதில்லை, யாரும் கேட்டதுமில்லை. ஒரு விதி எழுதினேன்: இடப்பக்கம் முடிவில்லாமல் வளர்ந்தால் இடப்பக்கம் போ, இல்லையென்றால் வலப்பக்கம். இனி யாரும் எதையும் எடுக்க வேண்டியதில்லை. அக்கா என் அடுப்படியில் மீனை ஆய்ந்து குழம்பில் போடுவதற்குள் சிவப்பு போய்விட்டது. நிரூபிக்க இனி எதுவும் மிச்சமில்லை என்று திரையில் வந்தது.

அப்போதுதான் அந்த விதியை மறுபடி படித்தேன். இடப்பக்கம் முடிவில்லாதது என்று யார் போய்ப் பார்த்து வருவது? போனால் திரும்பவே முடியாது. சில மரங்களை வரைய நிரல் எழுதிவிடலாம், ஆனால் அவற்றில் முடிவில்லாத பாதையைக் கண்டுபிடிக்கும் நிரலை யாராலும் எழுத முடியாது. இதை மாணவியாக இருந்தபோதே படித்து, பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். அது இவ்வளவு பெரிய விஷயம் என்று அந்த ஞாயிற்றுக்கிழமைதான் உறைத்தது.

அடுப்படிக்குப் போய் அக்காவிடம் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்தாள்.

“பாதை இருக்குதுன்னு கம்ப்யூட்டரு ஒத்துக்கிச்சு. ஆனா அதால அங்க போவ முடியாது. அதான?”

“எந்தக் கம்ப்யூட்டராலயும் முடியாது.”

“அப்ப எத வச்சு ஒத்துக்கிச்சு?”

“நிரூபணத்த வச்சு.”

“அது போதுமா?”

“போதும்க்கா.”

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள்.

“ஒன் வேல இம்மாம் பெருசுன்னு எனக்குத் தெரியாதுடி.”

“எனக்கும் தெரியாதுக்கா,” என்றேன்.