மகள் எந்த மாநிலத்தவள்

மகள் அப்போது டெக்சாஸில் கல்லூரி மூன்றாம் வருடம். அதற்கு முந்தைய கோடையில் கலிஃபோர்னியாவின் பே ஏரியாவில் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் செய்திருந்தாள். நாங்கள் இருந்தது நியூ ஜெர்சியில், பிளெய்ன்ஸ்பரோவில். இந்த மூன்று மாநிலங்களில் அவள் எதைச் சேர்ந்தவள் என்பதில்தான் அவளுடைய டாக்ஸ் வேலை சிக்கிக்கொண்டது.

ஸ்பிரிங் பிரேக் விடுமுறைக்கு வந்தவளை ஒரு மத்தியானம் டைனிங் டேபிளில் லேப்டாப்போடு உட்காரவைத்தேன். டெக்சாஸில் மாநில வருமான வரி கிடையாது, தான் இருப்பது அங்கேதான், அதனால் சம்பாதித்த கலிஃபோர்னியாவுக்கு மட்டும் வரிக் கணக்கு ஃபைல் செய்தால் போதும் என்றாள். அப்படி முடிந்தால் எனக்கும் நிம்மதிதான். ஆனால் விதி வேறு மாதிரி இருந்தது. படிக்கப் போன ஊர் வீடாகிவிடாது. திரும்பி வரும் எண்ணம் இருக்கிறவரை பழைய வீடுதான் வீடு. நியூ ஜெர்சிக்கும் ஃபைல் செய்யவேண்டும் என்றேன்.

எப்போதும் ஆங்கிலத்தில் பதில் சொல்கிறவள் அன்று தமிழில் கேட்டாள். "நான் திரும்பி வரப்போறேன்னு யாரும்மா சொன்னா?"

அவள் அப்பா பக்கத்து அறையில் ஆபீஸ் காலில் இருந்தார். அவள் பிறப்பதற்கு முன்பு வந்து சேர்ந்த அதே வேலை. க்ரீன் கார்டு வரும்வரை அந்த வேலையை விட்டுவிடப் பயம். அதனால் ஊரையும் விடவில்லை. அவள் வளர்ந்ததெல்லாம் இந்த இரண்டு பெட்ரூமுக்குள்தான். ஸ்கூல் மாறாமல் படித்தாளே என்று நான் அதைப் பெருமையாகக்கூடச் சொல்லியிருக்கிறேன்.

"இங்க வந்தாலே எனக்கு மூச்சு முட்டுது. நீங்க ரெண்டு பேரும் மாட்டிக்கிட்டீங்க, சரி. என்னையும் ஏன் சேத்துக்கறீங்க?"

"அது நான் போட்ட ரூல் இல்லடி" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு வேலையைப் பார்த்தோம். நியூ ஜெர்சியை முதலில் முடித்துவிட்டதால் ஒரே சம்பளத்துக்கு இரண்டு மாநிலமும் முழு வரி கேட்டன. கலிஃபோர்னியாவை முதலில் முடித்தால்தான் அங்கே கட்டியதை இங்கே கழிக்கமுடியும் என்று பிறகுதான் புரிந்தது. எல்லாவற்றையும் அழித்துவிட்டு மறுபடி ஆரம்பித்தோம். வருடம் முழுவதும் நியூ ஜெர்சிவாசியா என்ற கேள்வி மறுபடி வந்தது. என்னைப் பார்க்காமல் ஆமாம் என்று அழுத்தினாள். முடிந்ததும் ஜாக்கெட்டை எடுத்துக்கொண்டு வெளியே நடக்கப் போய்விட்டாள். கூடப் போகலாமா என்று எழுந்தேன். போகவில்லை.

படிப்பு முடிந்ததும் பே ஏரியாவிலேயே வேலை கிடைத்துப் போனாள். அடுத்த வருடம் ஃபைல் செய்துவிட்டாயா என்று போனில் கேட்டேன். எப்போதோ முடித்துவிட்டதாகச் சொன்னாள். குரலில் கோபம் இல்லை. என்னிடம் கேட்க அவளுக்கு எதுவும் இருக்கவும் இல்லை.

அன்று சாயங்காலம் அவள் அப்பாவிடம், நாமும் எங்கேயாவது போய்விடலாமா என்று கேட்டேன். அவர் வீட்டில் பால் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டே கடைக்குப் போக ஷூவை மாட்டினார்.