அக்கா தனியே ஏறிய ரயில்

எங்கள் அக்கா மயிலாப்பூரில், மாதா கோயில் மணி காதில் விழும் தூரத்தில் இருந்த ஒரு வாடகை வீட்டில், எங்கள் பெற்றோரின் தலைப்பிள்ளையாகப் பிறந்தார். அப்பா பள்ளிக்கூட வாத்தியார். அவர் காலமானபோது நான் அரை நிஜார் போட்டுத் திரிந்தவன். அக்கா அப்போதுதான் டிரெயினிங் முடித்துப் பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். அன்று முதல் குடும்பம் அவர் தலையில் விழுந்தது. கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம், "தம்பி படிச்சு முடிக்கட்டும்" என்று தள்ளிப்போட்டார். தம்பி படித்து முடிப்பதற்குள் பேச்சு வருவதே நின்றுவிட்டது.

இப்படிப்பட்ட நினைவு மலர்களில் மறைந்தவரின் நற்குணங்களை எழுதுவது வழக்கம். அக்காவின் பொறுமையைப் பற்றி எழுத உட்கார்ந்தால், அந்தப் பொறுமைக்கு ஓயாமல் வேலை வைத்தவன் நான் என்பதுதான் முன்னால் வந்து நிற்கிறது. ஆகவே அதையே எழுதுகிறேன். இதைக் கையில் வைத்திருக்கும் உறவினர்களில் பாதிப்பேருக்கு விஷயம் தெரியும். தெரியாததுபோல் இத்தனை காலம் நடந்துகொண்டோம், அவ்வளவுதான்.

யுத்தம் தொடங்கிய சமயம் அக்காவுக்குக் குடலில் கட்டி வந்தது. டாக்டர் கட்டியை வெட்டி எடுத்து, குடலின் முனையை வயிற்றின் இடப்பக்கம் வெளியே கொண்டுவந்து ஒரு வாய்போல் தைத்துவிட்டார். இனி ஆயுள் முழுக்க மலம் கழிவது அந்த வழியாகத்தான். அதன்மேல் ரப்பர் பை ஒன்றைப் பொருத்தி, இடுப்பைச் சுற்றி பெல்ட் கட்டிக்கொள்ள வேண்டும். அம்மா அழுதார். நான் டாக்டரிடம், "இனிமே வீட்டோடதானா?" என்று கேட்டேன். அக்கா கட்டிலிலிருந்து, "ஸ்கூலுக்கு எப்ப போலாம்னு கேளு" என்றார்.

போனார். காலையில் எழுந்ததும் எனிமா டப்பாவில் வெந்நீர் ஊற்றி, ஆணியில் மாட்டி, குடலைக் கழுவிவிடுவார். கழுவிவிட்டால் பெரும்பாலும் மறுநாள் வரை தொந்தரவில்லை. சீமையிலிருந்து வந்த ரப்பர் பைகள் யுத்தத்தால் கிடைக்காமல் போனபோது, இருந்த ஒன்றைப் பத்திரப்படுத்திக்கொண்டு, பழைய வேட்டியில் பட்டையும் மெத்தையும் தைத்துக் கட்டிக்கொண்டார். வெளியே போகும் நாளுக்கு முந்தின இரவு முட்டையும் வெங்காயமும் தொடமாட்டார். முதலில் தேனாம்பேட்டை வரை போய்ப் பார்த்தார். பிறகு டிராமில் ஏறி, சிந்தாதிரிப்பேட்டையில் இருந்த சித்தப்பா வீட்டுக்கே போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். நாங்கள் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தோம். பார்த்தும் ஒன்றும் கற்றுக்கொள்ளவில்லை.

ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று பட்டணமே மூட்டை கட்டிய அந்தச் சித்திரையில், நாங்களும் திருச்சிக்குக் கிளம்பினோம். சித்தப்பா என்னைத் தனியே அழைத்து, "வண்டியில மூச்சு விட இடமிருக்காது. அந்தப் பை கழண்டுச்சின்னா நாலு பேர் முன்னாடி மானம் போயிடும். பொண்ணை மடத்துல விட்டுட்டு வா" என்றார். நான் சரி என்று தலையாட்டினேன். சித்தப்பாமேல் பழி போட்டுப் பயனில்லை. அவர் சொன்னது என் மனதில் ஏற்கெனவே இருந்தது.

கன்னியர் மடத்தில் ஓர் அறை கேட்டு வாங்கினேன். அத்தோடு விட்டிருக்கலாம். குண்டு விழும் ஊரில் அக்காவை விட்டுப்போகிறோமே என்ற உறுத்தலுக்கு ஒரு வழி தேடினேன். கிளம்புவதற்கு முந்தின நாள் மாதா கோயில் சுவாமியாரிடம் போய், "அக்காவுக்கு ரொம்ப முடியல சாமி, தேறமாட்டாங்கபோல" என்று சொல்லி, அவஸ்தைப்பூசுதல் கொடுக்க அழைத்து வந்தேன். சாகக் கிடப்பவர்களுக்குக் கொடுக்கும் கடைசி எண்ணெய்ப் பூசுதலை, அந்த வாரம்கூட மூன்றாம் வகுப்புக்குப் பாடம் நடத்திய பெண்ணுக்கு ஏற்பாடு செய்தேன். மெழுகுவத்தி ஏற்றி எல்லாரும் முழங்காலிட்டோம். அக்கா என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு கட்டிலில் படுத்து, கண்களை மூடி, கைகளை விரித்துக் காட்டினார். விரல் இடுக்கில் சாக்குக்கட்டியின் வெள்ளை இருந்தது. சுவாமியார் அதன்மேலேயே எண்ணெய் பூசினார். மறுநாள் காலை, மடத்திலிருந்து ஆள் வந்து அக்காவை அழைத்துப்போகச் சொல்லிவிட்டு நாங்கள் வண்டி ஏறினோம்.

அந்த வாரம் முடிவதற்குள் திருச்சியில் வாசற்கதவு தட்டப்பட்டது. கையில் துணிப்பை, கூஜா சகிதம் அக்கா நின்றார். "அவஸ்தைப்பூசுதல் வாங்கினா ஒண்ணு சாகணும், இல்ல எழுந்து நடக்கணும். எனக்கு நடக்கத்தான் தோணிச்சு" என்று சொல்லி, அம்மாவிடம் மோர் கேட்டார்.

வந்த கதையை அவரே சிரிக்கச் சிரிக்கச் சொன்னார். எழும்பூர் ஸ்டேஷனுக்கு அவரை ஏற்றி வந்த ரிக்‌ஷாக்காரர், "இன்னாம்மா, ஊரே மூட்டை மூட்டையா ஏத்திக்கினு போவுது, உனக்கு இந்தப் பை ஒண்ணுதானா?" என்று கேட்டுக்கொண்டே, கூட்டத்தை விலக்கிப் பெண்கள் பெட்டியில் ஏற்றிவிட்டாராம். உள்ளே நெரிசல். பக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் முழங்கை அக்காவின் இடுப்புப் பட்டையில் பட்டுவிட்டது. அவள் காதோடு, "நகையை வயித்துல கட்டிக்கினு கீறியா? நானும் அப்டித்தான். யார் கையிலயும் சொல்லாதே" என்றாளாம். அக்கா மறுக்கவில்லை. "போற வரைக்கும் என் இடப்பக்கத்துல ஒருத்தரையும் நெருங்கவிடல, மகராசி" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். முன்பின் தெரியாத ஒருத்தி செய்ததைக் கூடப்பிறந்தவன் செய்யவில்லை என்று அக்கா சொல்லவே இல்லை, கடைசிவரை.

பட்டணம் திரும்பிய பிறகு அக்கா போகாத ஊரில்லை. வருஷந்தோறும் வேளாங்கண்ணி, மதுரையில் கல்யாணம், திண்டுக்கல்லில் ஞானஸ்நானம் என்று எதற்கும் முதலில் தயாராவது அவர்தான். நான் விடாமல் துணைக்குப் போனேன். அவர் கையிலிருந்து துணிப்பையை வாங்கப் போனால், "என்னுது எனக்குத் தூக்கத் தெரியும்" என்பார். கோபமாகச் சொல்லமாட்டார். அதுதான் எனக்கு அதிகம் வலித்தது.

சென்ற வருஷம் நெஞ்சில் சளி கட்டிப் படுத்தார். இந்தத் தடவை உண்மையிலேயே முடியவில்லை. ஒரு காலை, "தம்பி, சாமியாரைக் கூட்டிட்டு வா" என்றார். "அதெல்லாம் வேணாம்க்கா, நீ எழுந்துடுவே" என்றேன். சுவாமியாரை அழைத்தால் இன்னொரு முறை அவரை விட்டுவிட்டுப் போவதாகிவிடும் என்று என் மனம் முரண்டு பிடித்தது. அக்கா மறுபடி கேட்கவில்லை. மத்தியானம் மூச்சு திணறத் தொடங்கியதும் ஓடினேன். சுவாமியாரோடு திரும்பி வந்தபோது அக்கா இல்லை. உயிர் இருக்குமானால் என்று ஒரு வார்த்தை சேர்த்து அவர் எண்ணெய் பூசினார்.

நோயில் அருகிருந்து பார்த்துக்கொண்ட டாக்டருக்கும், தயாராக வைத்த அறைக்கு அக்கா வராமல் போனதற்காக அன்றும் கோபிக்காமல், அடக்கத்தன்று பாட்டுப் பாடி வழியனுப்பிய கன்னியர்களுக்கும், அவர் மாணவிகளுக்கும், இப்போது நாங்கள் இருக்கும் மந்தைவெளியின் அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் தெரியாத அந்த ரிக்‌ஷாக்காரருக்கும், நகை கட்டிவந்த அந்த அம்மாளுக்கும் நன்றி சொல்ல வேறு இடம் இல்லாததால் இங்கே சொல்கிறேன். வருஷப் பூசைக்கு வருகிறவர்கள், அந்தச் சித்திரையில் எங்களோடு வண்டியில் இருந்தவர்கள் முக்கியமாக, அக்காவுக்காக மாதாவிடம் ஒரு பிரியதத்த மந்திரம் சொல்லுங்கள். எனக்காகவும் ஒன்று சொல்லுங்கள்.

அடக்கம் முடிந்த பிறகு என் மனைவி ஒன்று சொன்னாள். கடைசி நாளன்று விடிந்ததும் அக்கா அவளிடம் வெந்நீர் கேட்டாராம். எழ முடியாத நிலையிலும் அவளைப் பிடித்துக்கொண்டு குடலைக் கழுவி, புதிதாகத் தைத்த பட்டையைக் கட்டச் சொல்லி, தலை வாரி, கஞ்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். ஊருக்குக் கிளம்பும் நாட்களில் அக்கா செய்வது அதுதான். அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டிருக்கிறார்.