முனியம்மாளின் கூடை

முனியம்மாளைத் திருடி என்று பழித்தவன் நான். அறுவடை முடிந்த கொல்லையில், மண்ணில் தங்கிய வேர்க்கடலையை, இங்கத்துப் பேச்சில் மல்லாட்டையை, இல்லாதவர்கள் பொறுக்கிக்கொள்வது இந்தப் பக்கத்து வழக்கம். பண்ணையில் சம்பளமில்லாமல் உதவ வந்த ஓய்வுபெற்ற ஆசிரியனான நான், யாரையும் கேட்காமல் அவள் கூடையைப் பிடுங்கிக் களத்தில் கொட்டினேன்.

இன்று ஊர் திரும்புகிறேன். திருவண்ணாமலை பஸ் ஸ்டாண்டில், கீழ்பென்னாத்தூர் பஸ்ஸுக்காக அவள் தூக்குச்சட்டியுடன் நிற்கிறாள். அருகில் போய் மன்னிப்புக் கேட்கிறேன்.

“ரெண்டு பிடி மல்லாட்டை. உடுங்க சார், அந்தப் பேச்சு எங்க தெருவோட போச்சு. கொஞ்ச நாள்ல மறந்துடுவாங்க.”

எனக்கு மனம் ஆறவில்லை. அந்த பஸ்ஸுக்கு நிற்பவர்கள் பக்கம் திரும்பி, “இந்தம்மா எதையும் திருடல, தப்பு என்னோடது” என்று உரக்கச் சொல்கிறேன்.

“இன்னாத்த திருடிச்சாம்?” என்று பக்கத்து ஊர்க்காரர் ஒருவர் கேட்கிறார். அவளுக்குப் பின்னால் நிற்கும் பெண் தன் பையை இழுத்து அணைத்துக்கொள்கிறாள்.

“உங்க பஸ் கெளம்புது, போங்க சார்” என்கிறாள் முனியம்மாள், என் முகத்தைப் பார்க்காமல்.