இடப்பக்கம் இழுத்த வாள்

மரம் அரியும் செயின்சோ ஸ்டார்ட் ஆகாமல் அடம்பிடித்தால், முள்ளியவளைப் பக்கத்து ஆட்கள் அதை உரப்பையில் சுற்றி மோட்டார் சைக்கிளின் பின்னால் கட்டிக்கொண்டு நவ்பரிடம்தான் வருவார்கள். கொக்கிளாயிலிருந்தும் வருவார்கள், ஒட்டுசுட்டானிலிருந்தும் வருவார்கள். நீராவிப்பிட்டிக்குத் திரும்புகிற இடத்தில் தகரக் கூரை போட்ட ஒற்றை அறைதான் அவருடைய கடை. வாசலில் கைப் பருமனில் ஒரு வேப்பங்கட்டை கிடக்கும். திருத்திய மெஷினால் அதில் இரண்டு வெட்டு வெட்டிக் காட்டிவிட்டுத்தான் சொந்தக்காரரிடம் கொடுப்பார்.

நவ்பருக்கு நாற்பத்தொரு வயது. போர்க் காலத்தில், ஆறு வயதில் இந்த ஊரிலிருந்து இடம்பெயர்ந்து புத்தளத்தில் வளர்ந்தவர். கற்பிட்டியில் படகு எஞ்சின் திருத்தும் பட்டறை ஒன்றில் பதின்மூன்று வருடம் வேலை செய்தார். மனைவி முனவ்வறாவோடு ஊர் திரும்பியபோது வாப்பாவின் காணியைக் காடு மூடியிருந்தது. அதை வெட்டிக் கொடுக்க வந்தவர் மயில்வாகனம் என்ற மரம் வெட்டுகிற மனிதர். வேலை நடுவில் அவருடைய மெஷின் நின்றுபோனது. நவ்பர் அதை வாங்கிக் கழற்றிப் பார்த்தார். படகு எஞ்சினைப் போலவே பெற்றோலோடு எண்ணெயைக் கலந்து குடிக்கிற எஞ்சின், உருவம்தான் சின்னது. அரை மணித்தியாலத்தில் ஓட வைத்துவிட்டார். மயில்வாகனம் போன இடமெல்லாம் அதைச் சொன்னார். அடுத்த மாதமே கடை தொடங்கியாயிற்று.

நவ்பரின் பலம் காது. எஞ்சினுக்குக் காற்றையும் பெற்றோலையும் கலந்து விடுகிற காபரேட்டரில் இரண்டு சின்னத் திருகாணிகள் இருக்கும். முழு வேகத்தில் ஓடவிட்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்துக்கொண்டு, அவற்றை மயிரிழை அளவுக்குத் திருப்புவார். சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருக்க வேண்டும். விசில் மாதிரிக் கூராகக் கேட்டால் எண்ணெய் போதாமல் பிஸ்டன் சூடேறி இறுகிவிடும். அவர் சரிபார்த்துக் கொடுத்த மெஷின் காட்டுக்குள் நின்றுபோனதாக யாரும் வந்து சொன்னதில்லை. இந்த விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

ஆனால் அவர் தன் வாழ்நாளில் ஒரு மரத்தையும் வெட்டியதில்லை. வாசல் கட்டையோடு சரி. வெட்டுகாரர்கள் இதைச் சொல்லிப் பகிடி பண்ணினால், பல் வைத்தியர் எல்லாருடைய சாப்பாட்டையும் சாப்பிட வேண்டுமா என்று கேட்பார்.

மயில்வாகனத்துக்கு ஒரே ஒரு குறை இருந்தது. தன்னுடைய பெரிய மெஷின் மரத்துக்குள் போகும்போது இடப்பக்கம் இழுக்கிறது என்பார். நவ்பர் உடனே அதை எடுத்து வேப்பங்கட்டையை வெட்டிக் காட்டுவார். வெட்டு நூல் பிடித்தது போல இருக்கும்.

“மெஷினில பிழை இல்லை அண்ணை. நீங்கள்தான் கையைச் சரிச்சுப் பிடிக்கிறீங்கள்.”

மயில்வாகனம் கட்டையைப் பார்ப்பார், தன் கையைப் பார்ப்பார், மெஷினை எடுத்துக்கொண்டு போய்விடுவார். எட்டு வருடத்தில் இந்தக் கதை பத்துப் பதினைந்து தடவை நடந்திருக்கும். கோபதாபம் எதுவும் இல்லை. அவருக்கும் அறுபது வயதாகிவிட்டது. கை சரிந்துதான் போயிருக்கும் என்று அவரே நம்பத் தொடங்கியிருந்தார்.

போன கார்த்திகையில் நாலு நாள் விடாமல் காற்றும் மழையும் அடித்தது. ஐந்தாம் நாள் காலை, மழை தூறலாகக் குறைந்திருந்த நேரம், சிவனேஸ்வரி தன் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தை ஓட்டிக்கொண்டு கடை வாசலுக்கு வந்தார். தண்ணீரூற்று ஊருக்கு அப்பால் ஐந்து ஏக்கர் வயலைத் தனியாகச் செய்கிற பெண் அவர். வயலுக்குப் பக்கத்து மதகின் மேல் பெரிய மருதமரம் ஒன்று வேரோடு பாறி விழுந்து, தண்ணீர் போகிற வழியை அடைத்துவிட்டதாம். பயிர் ஏற்கெனவே தண்ணீரில் மூழ்கிவிட்டது. இப்போது தண்ணீர் பின்னால் இருக்கிற நாலு வீட்டு முற்றத்துக்கும் ஏறத் தொடங்கியிருந்தது. வெட்டுகாரர்கள் எல்லாரும் ஒட்டுசுட்டான் பக்கம் பெரிய வீதியில் விழுந்த மரங்களை அகற்றப் போயிருந்தார்கள். மயில்வாகனமும் தன் சின்ன மெஷினோடு அங்கேதான் நின்றார். பெரிய மெஷின் திருத்தி முடித்து நவ்பரின் மேசையில் இருந்தது.

தனக்கு மரம் வெட்டத் தெரியாது என்று நவ்பர் சொன்னார்.

“எனக்கும் தெரியாது தம்பி. ஆனா நீங்கள் இதை ஸ்டார்ட்டாவது பண்ணுவீங்கள்” என்றார் சிவனேஸ்வரி.

நவ்பர் மயில்வாகனத்துக்குப் போன் எடுத்து, பெரிய மெஷினை எடுக்கலாமா என்று கேட்டார். அவர் தாராளமாக எடுக்கச் சொன்னார். மரத்தின் பாரம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துவிட்டு மற்றப் பக்கம் வெட்ட வேண்டும் என்றும், முகத்துக்கு நேரே மெஷினைப் பிடிக்கக் கூடாது என்றும் விளங்கப்படுத்தினார். கடைசியில் ஒன்று சொன்னார்.

“தம்பி, அது இடப்பக்கம் இழுக்கும். கவனம்.”

நவ்பர் சிரித்துக்கொண்டே போனை வைத்தார்.

மரத்தைக் கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. படுத்துக் கிடந்த நிலையிலேயே அது அவருடைய இடுப்பு உயரம் இருந்தது. கிளைகளை வெட்டவே ஒரு மணித்தியாலம் போனது. பிறகு அடிமரத்தின் நடுவில் மேலிருந்து மெஷினின் வாளை, சங்கிலி சுற்றி ஓடுகிற அந்த நீட்டு அலகை, இறக்கினார். பாதி போனதும் மரம் தன் பாரத்தில் இறங்கி வாளை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. மயில்வாகனம் சொன்ன பாரக் கதை அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சிவனேஸ்வரி அலவாங்குக் கம்பியை வெட்டுக்குள் கொடுத்து நெம்ப, நவ்பர் மெஷினை இழுத்தெடுத்தார். இரண்டு பேரும் சேற்றில் விழுந்து எழும்பினார்கள்.

அடுத்த தடவை இடத்தை மாற்றி, பாரம் பார்த்து வெட்டினார். இந்தப் பக்கம் பாதி, சுற்றிப் போய் அந்தப் பக்கம் பாதி. இரண்டு வெட்டும் நடுவில் சந்திக்க வேண்டும். சந்திக்கவில்லை. நாலு விரல் இடைவெளி இருந்தது. முதல் தடவை வெட்டுகிற கை, அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தார். சிவனேஸ்வரி மாடு கட்டுகிற கயிற்றை எடுத்து மரத்தைச் சுற்றி இறுக்கிக் கட்டினார். கயிற்றோரம் பார்த்து வெட்டினால் பிழைக்காது என்பது அவருடைய யோசனை. நவ்பர் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டினார். வாள் ஒரு சாண் வரை கயிற்றோடு போனது. அதற்குப் பிறகு மெல்ல மெல்ல இடப்பக்கம் வளைந்தது.

பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த சிவனேஸ்வரி சொன்னார்:

“தம்பி, உங்கட கை நேராத்தான் நிக்குது. வாள்தான் அங்கால போகுது.”

நவ்பர் எஞ்சினை நிற்பாட்டினார். மரத்தின் மேலேயே உட்கார்ந்து, மெஷினை மடியில் வைத்து, சங்கிலியின் பற்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிப் பார்த்தார். அந்தச் சங்கிலியில் ஒரு பல் இடப்பக்கம் பார்த்திருக்கும், அடுத்தது வலப்பக்கம் பார்த்திருக்கும். இரண்டும் ஒரே நீளமாக இருந்தால்தான் வாள் நேரே போகும். இங்கே வலப்பக்கப் பற்கள் எல்லாமே கொஞ்சம் குட்டையாக இருந்தன. அரைச் சோற்றுப் பருக்கை அளவுதான் வித்தியாசம். அந்தப் பற்களுக்கு அரம் போடும்போது அவருடைய வலக்கை நன்றாக ஊன்றிப் போகும், அரம் கூடுதலாகத் தின்றுவிடும். மற்றப் பக்கத்துக்குக் கை அவ்வளவு வசதிப்படாது. எட்டு வருடமாக அப்படித்தான் அரம் போட்டு வந்திருக்கிறார். கைப் பருமன் கட்டையில் அந்த வளைவு தெரிய வழியில்லை. வாள் திரும்பத் தொடங்குவதற்குள் கட்டை முடிந்துவிடும்.

அவருக்கு முகம் சூடாகிப் போனது. காற்சட்டைப் பையிலிருந்து அரத்தை எடுத்தார். மெஷினைத் திருப்பி வைத்து, இடப்பக்கப் பல் ஒவ்வொன்றிலும் அரத்தை எண்ணி எண்ணி இழுத்து, வலப்பக்கப் பல்லின் நீளத்துக்குக் கொண்டுவந்தார். தண்ணீர் ஏறுகிறது என்று சிவனேஸ்வரி இரண்டு தடவை சொன்னார். பத்து நிமிடம் பொறுக்கச் சொன்னார் நவ்பர். பிறகு எழும்பி வெட்டினார். வாள் கயிற்றோரமாகவே இறங்கி மற்றப் பக்கத்தால் வெளியே வந்தது.

அடுத்த வெட்டும் அப்படியே நேராகப் போக, பின்னேரம் மூன்று மணிக்கு நடுத்துண்டு கழன்றது. அதை லான்ட்மாஸ்டரில் கட்டி இழுத்ததும் தேங்கிக் கிடந்த தண்ணீர் இரைந்துகொண்டு மதகுக்குள் பாய்ந்தது. நாலு வீட்டுக்காரரும் குடை பிடித்துக்கொண்டு வந்து பார்த்தார்கள். ஒரு வீட்டிலிருந்து அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும் பால் விடாத பிளேன்ரீயும் வந்தன. நவ்பர் மரத்தின் மேலேயே உட்கார்ந்து தின்றார். அன்றைக்குப் போல ருசியாக எதையும் தின்றதில்லை என்று பிறகு சொன்னார்.

வீட்டுக்கு வந்து முனவ்வறாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். அவர் சிரிப்பார் என்று எதிர்பார்த்திருந்தார். முனவ்வறா சிரிக்கவில்லை.

“முதல்ல அந்த மனிசனிட்டப் போய்ச் சொல்லுங்க” என்றார்.

மயில்வாகனம் இரண்டு நாள் கழித்துத்தான் வீடு திரும்பினார். நவ்பர் அவருடைய வீட்டுக்கே போனார். உட்காரச் சொல்லிக் கதிரை போட்டார்கள். உட்காராமல் நின்றபடியே சொன்னார்.

“அண்ணை, உங்கட கை சரி. என்ர அரம்தான் பிழை. எட்டு வருசமா.”

மயில்வாகனம் கையை விரித்து, மடக்கி, திரும்ப விரித்துப் பார்த்தார். பிறகு உள்ளே திரும்பி மனைவி இலட்சுமியைக் கூப்பிட்டார்.

“இஞ்ச வாரும். தம்பி சொல்லுறதைக் கேளும். எனக்கு வயசு போகேல்லையாம்.”

அந்த நேரம் அவருடைய முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து நவ்பருக்குக் கண் கலங்கிவிட்டது. மனிதர் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருக்கலாம் என்று வீட்டுக்கு வந்து முனவ்வறாவிடம் சொன்னார்.

அடுத்த வாரம் முழுவதும் தன்னிடம் வருகிற வெட்டுகாரர் ஒவ்வொருவருக்கும் போன் எடுத்து, சங்கிலிகளைக் கொண்டுவரச் சொன்னார். ஏன் என்று கேட்டவர்களுக்கு மறைக்காமல் சொன்னார். கொக்கிளாய்க்காரர் ஒருவர், எல்லா மெஷினுமே அப்படித்தான் போகும் என்று நினைத்திருந்ததாகச் சொன்னார். வேறு கடைக்குப் போகிறேன் என்று யாரும் சொல்லவில்லை. சிவனேஸ்வரி மருதமரத்தின் அடித்துண்டு ஒன்றை லான்ட்மாஸ்டரில் ஏற்றி வந்து கடை வாசலில் இறக்கினார். வேப்பங்கட்டை முனவ்வறாவின் அடுப்புக்குப் போனது.

மயில்வாகனத்துக்குத்தான் கொஞ்சக் காலம் கஷ்டமாக இருந்தது. எட்டு வருடமாக மெஷினை வலப்பக்கம் தள்ளிப் பிடித்துப் பழகிய கை. நேராக ஓடுகிற வாள் இப்போது வலப்பக்கம் போனது. கடைக்கு வந்து சொன்னபோது இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தார்கள் என்று தெரியாது. பழக்கம் மாற மாசி மாதம் ஆனது.

இப்போது சனிக்கிழமைகளில் நவ்பர் கடையைப் பூட்டிவிட்டு மயில்வாகனத்தோடு மரம் வெட்டப் போகிறார். முதலில் கிளை வெட்ட மட்டும்தான் மயில்வாகனம் விட்டார். போன மாதம் சிற்றம்பலம் என்பவருடைய வளவில், கூரைக்குப் பக்கத்தில் பட்டுப்போய் நின்ற தென்னையை வெட்ட வேண்டியிருந்தது. மயில்வாகனம் வடத்தைக் கட்டிவிட்டு, மெஷினை நவ்பரிடம் நீட்டிவிட்டுத் தள்ளிப் போய் நின்றார். நவ்பர் இரண்டு தடவை மரத்தைச் சுற்றி வந்தார், அண்ணாந்து பார்த்தார், பிறகு வாளை வைத்தார். தென்னை மெல்லச் சாய்ந்து, கூரையையும் வேலியையும் தொடாமல், வெறும் முற்றத்தில் நீட்டி நிமிர்ந்து படுத்தது. சிற்றம்பலம் காய்ந்த மட்டை பொறுக்குகிற பாவனையில் கிட்ட வந்து, இவர் எங்கே மரம் வெட்டப் பழகினவர் என்று மயில்வாகனத்திடம் இரகசியமாகக் கேட்டார்.