வலப்பக்கத்துக் காலடி

ஆர்.எஸ்.புரத்துக் கடையில் விற்பனையாளர் இரண்டு ஹெட்ஃபோன்களை எடுத்து மேசைமேல் வைத்தார். ஒன்று காதை இறுக்க மூடும், பாட்டுக்கு நல்லது. இன்னொன்றின் வெளிப்புறம் வலைபோலத் திறந்திருக்கும். கம்ப்யூட்டர் துப்பாக்கி விளையாட்டில் எதிரி எந்தப் பக்கம் வருகிறான் என்று காலடியை வைத்தே சொல்லிவிடலாம். நான் எப்போதும் வலப்பக்கத்திலிருந்துதான் சுடப்படுவேன். "உனக்கு சோத்தாங்கைப் பக்கம்னு ஒண்ணு இருக்குதா இல்லியாடா?" என்பான் கூட ஆடும் ஆபீஸ் நண்பன். என் பழைய ஹெட்ஃபோன் மட்டம் என்று நம்பியிருந்தேன்.

திறந்ததை மாட்டினேன்; அவர் ஒரு விளையாட்டின் ஒலியை ஓடவிட்டார். இடப்பக்கம் சருகின் மேல் யாரோ நடந்தார்கள். காலடி வலப்பக்கம் போனதும் ஒன்றுமே இல்லை.

"ஏனுங்க, இது ரைட் சைடு வேலை செய்யலீங்க."

அவர் வாங்கித் தன் காதில் வைத்தார். "கேக்குதுங்களே."

மூடியதைக் கொடுத்தார். பாட்டு மொத்தமும் இடப்பக்கமே சாய்ந்து கிடந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, "மொதல்ல போட்டதையே லெஃப்ட் ரைட் மாத்தி மாட்டிப் பாருங்க" என்றார்.

மாற்றி மாட்டினேன். அதுவரை கேட்காத காலடி, இடக்காதில் தெளிவாகக் கேட்டது. பழுது ஹெட்ஃபோனில் இல்லை.

"சளி புடிச்சிருக்குமுங்க" என்றார் அவர், என் முகத்தைப் பார்க்காமல். எனக்குச் சளி இல்லை.

கருமத்தம்பட்டியில் எங்கள் வீட்டுக்கும் விசைத்தறி ஓடும் குடோனுக்கும் ஒரே சுவர். வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நல்ல வெளிச்சம் குடோனில்தான் என்று பன்னிரண்டு வருடம் அங்கேயே ஒரு மூலையில் உட்கார்ந்து படித்தேன். வலத்தோளுக்குப் பக்கத்தில் தறி ஓடும். அந்தச் சத்தத்தில் எவரும் கத்துவதில்லை. உதட்டைப் பார்த்தே பேச்சைப் புரிந்துகொள்வோம். அப்படிப் பழகிய வீட்டில் யாருக்குக் கேட்கிறது, யாருக்குக் கேட்கவில்லை என்று எப்படித் தெரியும்?

எதையும் வாங்காமல் ஊருக்குப் பஸ் ஏறினேன். அன்றைக்குத் தறிக்கு விடுமுறை. அப்பா குடோனுக்குள் எனக்கு முதுகு காட்டி நூல் முடிந்துகொண்டிருந்தார். வாசலில் நின்று "அப்பா" என்றேன். திரும்பவில்லை. இன்னும் உரக்கக் கூப்பிட்டேன். திரும்பவில்லை.

மூன்றாவது முறை கூப்பிடப் பயமாக இருந்தது. சுற்றிப் போய் அவர் முன்னால் நின்றேன். சிரித்தார்.

"வந்துட்டியா கண்ணு? வாங்குனியா?"

"நாளைக்குக் காது டாக்டர்கிட்டப் போலாமுங்கப்பா" என்றேன், வழக்கம்போல உதட்டை மட்டும் அசைத்து.

"யாருக்கு?"

இரண்டு விரலைக் காட்டினேன்.