எட்டாவது சீட்டு

போன வாரம் ஆம்பூரில் எட்டுப் பேரைத் தோல் எடை போடும் தராசில் ஏற்றி இறக்கினேன். சிரிக்காதீர்கள்... தப்பு என்னுடையது!

சத்துவாச்சாரியில் நான் டிராவல்ஸ் நடத்துவது உங்களுக்குத் தெரியும். பக்கத்து நாடுகளோடு தகராறு என்று ஒரு நாடு வழக்கமான விமானங்களையெல்லாம் நிறுத்திவிட்டது. சுற்றுலா விசா கிடையாது. சிறப்பு அனுமதி வாங்கி, தனி விமானம் பிடித்தால்தான் உள்ளே விடுவார்கள். அங்கே புதிதாக ஷூ யூனிட் தொடங்கும் ஆம்பூர் கம்பெனி ஒன்று, ஏழு ஆட்களை அனுப்பும் வேலையை என்னிடம் கொடுத்தது. ஐந்து மாதம் நாயாய் அலைந்தேன்.

விமானத்தில் எட்டு சீட். அந்த எட்டாவதை பாகாயம் நர்ஸ் ஜென்சிக்குக் கெஞ்சி வாங்கினேன். கல்யாணமான இருபதாம் நாள் புருஷன் அங்கே வேலைக்குப் போனான். அப்புறம் வழி அடைபட்டுவிட்டது. பத்து மாதமாக வீடியோ காலில்தான் குடித்தனம்!

கிளம்புவதற்கு முந்தின நாள் விமானக் கம்பெனியிலிருந்து போன்.

“மேடம், நீங்க கொடுத்த வெயிட் லிஸ்ட் கரெக்ட்தானே? சின்ன ஃபிளைட். ஜாஸ்தியானா கடைசி சீட்டை எடுத்துடுவோம்.”

லிஸ்டை எடுத்துப் பார்த்தேன். அந்த எடைகளை நான் யாரிடமும் கேட்கவில்லை. ஆட்கள் வேலையில் சேர்ந்தபோது எடுத்த மெடிக்கல் கார்டைப் பார்த்து அப்படியே எழுதியிருந்தேன். சேர்ந்தபோது எல்லாரும் ஒல்லிப் பையன்கள். இப்போது? ஆம்பூர் பிரியாணியை இத்தனை வருஷம் சாப்பிட்ட வயிறு சும்மா இருக்குமா?

உடனே ஆம்பூருக்கு ஓடினேன். ஜென்சியையும் பெட்டியோடு வரச் சொன்னேன். தராசில் ஏறியவர்களெல்லாம் மூச்சை இழுத்துப் பிடித்தார்கள் — எடை குறையுமாம்! ஆளையும் பெட்டியையும் கூட்டிப் பார்த்தால் லிமிட்டுக்கு மேல் அறுபது கிலோ கூடுதல்.

ஜென்சி முகம் சுண்டிப்போனது. “பரவாயில்லக்கா. நான் அப்புறமா போய்க்கிறேன்” என்றாள். அப்புறம் எப்போது? அது எங்கள் யாருக்கும் தெரியாது.

கட்டிங் செக்‌ஷன் மேஸ்திரி தயாளன்தான் முதலில் பெட்டியைத் திறந்தார். “இன்னாங்கடா பார்த்துனு நிக்கிறீங்க? தங்கச்சி போவணுமா, ஊறுகா போவணுமா? எட்றா எல்லாத்தையும்!”

அடேயப்பா, என்னென்ன வெளியே வந்தன! மாங்காய் ஊறுகாய், சீரக சம்பா அரிசி, மிளகாய்த் தூள், மூன்று பேரிடம் ஆளுக்கொரு இட்லிப் பானை. ஒரே அறையில் தங்கப்போகிறவர்களுக்கு மூன்று இட்லிப் பானை எதற்கய்யா? ஆளுக்கு இரண்டு செட் துணி, ஒரு போர்வை — அவ்வளவுதான் மிச்சம். ஜென்சி பட்டுப் புடவையைக்கூட எடுத்து என் கையில் திணித்துவிட்டாள். திரும்ப எடை போட்டோம். லிமிட்டுக்கு ஒரு கிலோ கீழே! நான் போட்ட விசிலில் பக்கத்து செக்‌ஷன் மெஷினெல்லாம் நின்றுவிட்டது.

மறுநாள் சாயங்காலம் ஜென்சியிடமிருந்து போன்.

“அக்கா, வந்து சேர்ந்துட்டோம்! கண்ணாடிக்கு அந்தாண்ட நிக்கிறாரு. என்னைப் பார்த்துட்டு அழுவுறாருக்கா... பர்மிஷன், சீட்டு எல்லாம் வாங்கிக் குடுத்தீங்க, உங்களுக்கு எப்படி தேங்க்ஸ் சொல்றதுன்னே...”

பத்து மாதம் காத்திருந்துவிட்டு, அங்கே நின்றுகொண்டு எனக்கு நன்றியுரை வாசிக்கிறாள்!

“அடியே, போனை வெச்சுட்டு முதல்ல அவர்கிட்ட ஓடுடி!”