மரியாதையாகக் கேட்டவன்

என் வாட்ஸ்அப் களவு போனபோது நான் ஆவடிக்கும் அம்பத்தூருக்கும் நடுவில், மின்சார ரயிலில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தேன். பட்டாபிராம் நண்பன் பேரில் ஒரு செய்தி: "உனக்குத் தப்பா எஸ்.எம்.எஸ்ல ஒரு ஆறு இலக்க நம்பர் வந்துகீதா? அவசரம், அனுப்பு." வந்திருந்தது. விரல் ரேகைப் பூட்டு, முகப் பூட்டு எல்லாம் போட்டுவைத்திருந்த மகா எச்சரிக்கைக்காரன், எண்ணை அனுப்பிவிட்டு "டீ வாங்கித் தரணும்" என்றும் எழுதினேன். திருடனிடம் டீ கேட்டவன் ஊரிலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

உடனே வாட்ஸ்அப் என்னை வெளியே தள்ளியது. பதறி நண்பனை அழைத்தேன்.

"அது நான் இல்ல மச்சான். என்னுது காலைலயே பூடுச்சு."

அப்படியானால் இப்போது எவனோ நானாகியிருக்கிறான். அடுத்து யாரிடம் நம்பர் கேட்பான்? நான் கடைசியாக அரட்டை அடித்தது பாயிடம். பூந்தமல்லியில் வீட்டிலேயே பிரியாணி போட்டு, வாட்ஸ்அப்பில் மட்டுமே ஆர்டர் எடுப்பவர். அவரை அழைத்தேன்.

"பாய்! என் பேர்ல யார் நம்பர் கேட்டாலும் குடுக்காதீங்க. அது நான் இல்ல!"

"இன்னா மாமே, ஆரம்பிச்சுட்டியா? போன மாசம் சுகாதார ஆபீசர்னு பேசி அண்டாவை ரெண்டு தபா கழுவ வச்ச. இப்ப திருடன் கதையா?"

"சத்தியமா பாய். உடம்பெல்லாம் நடுங்குது."

"குரல்கூட சூப்பரா நடுங்குது. தேறிட்ட."

பக்கத்தில் தொங்கியவர் பாவப்பட்டு, "மெய்யாலுமே நடுங்குறாருங்க" என்று என் ஃபோனில் கத்தினார்.

"ஆளு வேற செட் பண்ணிகீறியா!" பாய் விழுந்து விழுந்து சிரித்தார். "நீ கேட்ட நம்பரை அப்பவே அனுப்பிட்டேன், போ. 'தயவுசெஞ்சு பாய்'னு மரியாதையா வேற கேட்டிருந்த. என்னிக்குமே நீ அப்படிக் கேட்டதில்லையே, பாவம், இன்னா கஷ்டமோன்னு..."

சிரிப்பு பாதியில் நின்றது.

"மாமே, என்னுதும் திறக்கலயே."

"கஸ்டமருக்கெல்லாம் ஃபோன் போடுங்க பாய்! உங்க பேர்ல அட்வான்ஸ் கேப்பான்!"

"எந்த நம்பருக்குப் போடுவேன்? நம்பரு, அட்ரஸு எல்லாம் அதுக்குள்ளதானே கீது! ரெண்டு அண்டா தம்ல கெடக்குதுடா. யார் ஊட்டுக்கு அனுப்புவேன்?"

"நான் வந்துடறேன் பாய்."

"வந்து இன்னா பண்ணுவ?"

அம்பத்தூரில் இறங்கி, பூந்தமல்லி பஸ்ஸைத் தேடினேன்.